தாரில் இறங்கிய பொங்கல் கல்

பானை சாய்வதை முதலில் பார்த்தது நான்தான்.

பால் நுரை கட்டி மேலே வரும் நேரம். விறகுப் புகை கண்ணைக் கரித்தது. என் வீட்டுக்காரர் 'பொங்கலோ பொங்கல்' சொல்வதற்கு வாயை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். அவருடைய அக்கா சக்கர நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஹமீது பாய் மதிலுக்கு அந்தப் பக்கம் கோப்பிக் குவளையோடு நின்றிருந்தார்.

எல்லோர் கண்ணும் பானையின் வாயில் இருந்தது. நான் மட்டும் ஏனோ கீழே பார்த்தேன். மூன்று செங்கற்களில் ஒன்று தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பியில் நனைத்த ரொட்டி போல, மெல்ல, சத்தமில்லாமல்.

தரை எப்படிச் செங்கல்லை விழுங்கும்? புகையில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து ஒருமுறை கண்ணைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தத் தரை புதிதாகப் போட்ட தார். அதை ஏன் போட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் பானைக்குத் திரும்ப முடியும். போன வாரம் இந்தப் பத்தியில் பசாரில் துணி எடுத்த கதையைச் சொல்லி உங்களை ஊரெல்லாம் சுற்ற வைத்தேன். இந்த வாரம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகப் போவதில்லை.

கல்லும் பள்ளமும்

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், மலைப் பக்கம் ஏறும் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. கேட்டிலிருந்து கார் நிறுத்தும் போர்ச்சு வரை காடி ஏறுகிற பாதை சரிவானது. எந்தக் காலத்திலோ போட்ட சிமெண்டு உடைந்து, கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. மழை பெய்தால் கல் உருண்டு கேட்டுக்கு வந்துவிடும். மழை நின்றதும் நான் கூட்டி மேலே தள்ளுவேன். அடுத்த மழைக்கு அது மறுபடி வரும். எனக்கும் அந்தக் கல்லுக்கும் அது பழக்கமாகிப் போயிருந்தது.

அக்காவுக்குக் கால் எடுத்த பிறகுதான் அந்தப் பாதை ஒரு பிரச்சினை ஆனது.

பாக்கியம் அக்கா என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அம்மா இல்லாத தம்பியைப் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு இப்போதும் கேன்டீன் குரல்தான். ஒரு தெருவுக்கே கேட்கும்படி உப்புக் கேட்பார். இனிப்புநீர் வியாதி முற்றி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் தனியாக இருந்த ஃபிளாட்டில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

"எங்க வீட்டுக்கு வந்துரு, அக்கா," என்றார் என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில்.

"பொங்கல் வரைக்கும் வர்றேன். அதுக்கப்புறம் பார்ப்போம்," என்றார் அக்கா.

பார்ப்பதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. பிறை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் ஒன்று காலியாக இருந்தது. அக்காவே ஃபோன் போட்டுப் பேசி, பொங்கல் முடிந்து பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். இதைக் கேட்ட நாள் முதல் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அக்கா மேல் எனக்குப் பயம் உண்டு, மரியாதை உண்டு. ஒரே வீட்டில் எப்போதும் அந்தக் குரல் என்று நினைத்தால், வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற எனக்குத் தையல் மெஷினில் கால் தானாக நின்றுவிடும். அவர் இல்லத்துக்குப் போவதை நினைத்தாலும் அதேபோல நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே மாதிரி நின்றால் அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

மூன்று பேர், மூன்று தரை

சக்கர நாற்காலி அந்தக் கல்லில் ஏறாது. என்ன போடுவது என்று பேச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் சிமெண்டு என்றார். ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் பூட்டுக்கல் போட்டால்தான் அழகு என்றார் ஹமீது பாய். அவருக்குச் சூலியா தெருவில் துணிக்கடை. எதையும் முதலில் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். அந்தச் சமயத்தில் தாமானுக்கு வெளியே ரோட்டுக் குழி அடைத்துக்கொண்டிருந்த ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சேகர், தண்ணீர் கேட்டு எங்கள் கேட்டுக்கு வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"அக்கா, இதுக்குத் தார் போடுங்க. சிமெண்டு காயறதுக்குள்ள உங்க ஆளு வந்துருவாங்க. பூட்டுக்கல்லு சரிவுல நகந்துரும். தாருன்னா காலையில போட்டா மறுநாளு நடக்கலாம்."

"வெயில்ல இளகாதா?" என்றேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"கொஞ்சம் இளகும். ஆனா இளகாது."

நான் தலையாட்டினேன். இன்றுவரை அந்தப் பதிலை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாருக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. சிறு வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் புதுத் தார் ரோட்டில் என் செருப்பு ஒன்று ஒட்டிக்கொண்டது. வேலை செய்த ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து இழுக்க வெட்கம், எடுத்துத் தரச் சொல்ல அதைவிட வெட்கம். அப்படியே விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு பள்ளிக்குப் போய், ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தேன். "இன்னொண்ணு எங்கடி?" என்று அம்மா கேட்டதற்கு, "ரோட்டுல இருக்கு" என்றேன். காலில் ஒட்டிய தாரை அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தார். தாருக்கு மருந்து தேங்காய் எண்ணெய் என்று அன்று தெரிந்துகொண்டேன். அது பின்னால் உதவியது.

அடியில் கல், மேலே கறுப்பு

தார் போடுவது என்றால் கறுப்பாக எதையோ ஊற்றுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் முழுக்க அவர்கள் தோண்டத்தான் செய்தார்கள். பழைய சிமெண்டு, மண், நான் வருஷக்கணக்காகக் கூட்டித் தள்ளிய கல் எல்லாம் லோரியில் ஏறிப் போனது. வீட்டு முன்னால் ஒரு பெரிய பள்ளம். தார் போடக் கூப்பிட்டால் இருந்த தரையையும் எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால் கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

பிறகு உடைத்த கல்லும் கல்தூளும் கலந்து கொட்டி, சின்ன ரோலரால் அழுத்தினார்கள். உள்ளே என் தையல் மெஷின் மேல் இருந்த நூல்கண்டெல்லாம் நடுங்கியது.

"இதுதாங்கா உசுரு. மேல இருக்குற கறுப்பு சும்மா சட்டை," என்றார் சேகர்.

அது எனக்குப் புரிந்தது. உள்துணி சரியில்லை என்றால் மேலே எவ்வளவு நல்ல பட்டுப் போட்டாலும் ரவிக்கை சுருங்கும். ஓரத்தில் ஏன் செங்கல் வரிசை வைக்கிறார்கள் என்பதும் சொல்லாமலே விளங்கியது. மடித்துத் தைக்காத ஓரம் பிரியத்தானே செய்யும்.

தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைத் தெற்கே, கேட்டுப் பக்கம் இருக்கும் லோங்கான் வடிகால் நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். கயிறு கட்டிப் பார்த்தார்கள். தெற்கே என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆவி பறக்கக் கறுப்புக் கலவை வந்தது. கொட்டி, வாரி, பரப்பி, ரோலர் ஓட்டி, மதியச் சோற்றுக்குள் முடித்துவிட்டார்கள். அந்த வாரம் நான் தைத்துக் கொடுத்த ரவிக்கைகள் எல்லாம் தார் மணத்தோடு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சேகர் போகும்போது விதிகளைச் சொன்னார். கொஞ்ச நாளைக்குக் காடி ஏற்றக்கூடாது. ஏற்றினாலும் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைக்க வேண்டும். எண்ணெய் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெடிப்பு விட்டால் தண்ணீர் இறங்கும் முன்னால் அடைக்க வேண்டும். சில மாதம் கழித்து மேல்பூச்சு அடிக்கலாம். ஓரத்தில் புல் முளைத்தால் பிடுங்கிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன மனிதர், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கட்டிலடியில் பை

அக்கா வந்தார். நாற்காலி கறுப்புத் தரையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. "தம்பி, ரோட்டையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே," என்றார். அது பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அக்காவோடு ஒரு நீலப் பை வந்தது. துணியெல்லாம் அதற்குள்தான். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தேன். அக்கா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் பையிலிருந்து ஒரு புடவை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததை மடித்துப் பைக்குள்ளேயே வைப்பார், ஜிப்பை இழுத்து மூடுவார். அந்த ஜிப் சத்தம் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

காலையில் வெயில் ஏறும் முன்னால் நாற்காலியைத் தரைக்குத் தள்ளச் சொல்வார். நான் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோலம் அப்படி எடுத்துக்கொடுத்தது. இத்தனை வருஷம் கல்லிலும் மண்ணிலும் போட்ட கோலம் எல்லாம் சும்மா என்று தோன்றியது.

"வலது பக்கம் கோணல், கமலா."

அழித்துப் போடுவேன்.

"இப்ப இடது பக்கம் கோணல்."

ஒருநாள் மதியம் நாற்காலியை வெயிலில் விட்டுவிட்டோம். முன்சக்கரத்தில் தார் ஒட்டிக்கொண்டது. நான் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து துடைத்தேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "இது யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். ஒற்றைச் செருப்புக் கதையைச் சொன்னேன். தாமானே கேட்கும்படி சிரித்தார். அக்காவோடு நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரியும் ஜிப் சத்தம் கேட்டது.

மறுபடி பானை

பொங்கல் அன்று தரையைக் கழுவி, பெரிய கோலம் போட்டு, நடுவில் மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டினோம். வழக்கமாக அந்த இடத்தில்தான் வைப்போம். கல்லும் மண்ணுமாக இருந்தபோதும் அங்கேதான் வைத்தோம். வழக்கத்தை யார் யோசித்துச் செய்கிறார்கள்?

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் பால் பொங்கி வழியும் பக்கத்தைப் பார்ப்பார்கள். கிழக்கே வழிந்தால் குடும்பம் ஒன்றாக இருக்கும். தெற்கே வழிந்தால் வீட்டிலிருந்து ஓர் ஆள் கிளம்பும். எங்கள் அம்மா வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் வழிந்தாலும் அடுப்பைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு அதில் நம்பிக்கை உண்டு. இல்லத்துக்குப் பதில் சொல்லும் நாள் அடுத்த வாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா பானையைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார்.

"பாய், நீங்க ஏன் எட்டிப் பாக்குறீங்க, எரியறது உங்க வீட்டு விறகா?" என்றார் அக்கா.

"பொங்கலு எனக்கும் ஒரு கிண்ணம் வருமில்ல, பாக்கியம். மேற்பார்வை பாக்குறேன் லா."

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன்.

இறங்கியது தெற்குப் பக்கத்துக் கல். பானை தெற்கே சாய்ந்தது. நுரை அந்த விளிம்புக்கு ஏறி, பளபளவென்று உருண்டு நின்றது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் வழிந்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. என் கை போனது. துணி எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். பானை பக்கவாட்டில் ஆடியது. பால் கிழக்கே குபுகுபுவென்று என் விரல் மேல் வழிந்து, கோலத்தின் மேல் ஓடி, தெற்கே திரும்பி லோங்கானுக்குப் போனது. என் வீட்டுக்காரர் அண்ணாந்து 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினார். நானும் கத்தினேன். நான் கத்தியது வேறு.

"கையைத் தண்ணியில வை! முதல்ல கையைத் தண்ணியில வை, பிள்ளே!" என்றார் அக்கா.

அதற்குள் மற்ற இரண்டு கல்லும் இறங்கி, தரையிலிருந்தே கறுப்புப் புகை வர ஆரம்பித்தது. பாய் மதில் வழியாகத் தண்ணீர்க் குழாயைத் தூக்கி நீட்டினார்.

யார் பார்த்தது எது

கையில் மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது விவாதம் நடந்தது.

"கிழக்குதான். நான் கண்ணால பாத்தேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாப் பக்கமும் ஊத்துச்சு. பாதி மதிலு மேல," என்றார் பாய்.

"கமலா, நீதானே கிட்ட இருந்தே? எந்தப் பக்கம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

நான் என்ன சொல்வது? தெற்கே வழிய இருந்தது கிழக்கே வழிந்து தெற்கே போனது. அது பால் தானாகப் போனதா, நான் அனுப்பியதா? தானாகப் போனால்தான் சகுனம். நான் அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? தெற்குக் கல் இறங்கியதுகூடச் சாமி செய்ததா, தண்ணீர் ஓட வேண்டும் என்று சேகர் கயிறு கட்டிச் செய்ததா?

எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. பானை உடையும் என்று பிடித்தேனா, அக்கா போய்விடுவார் என்று பிடித்தேனா? யோசித்துப் பிடிக்கவில்லை. யோசித்திருந்தால் துணி எடுத்திருப்பேன்.

"தெரியலைங்க," என்றேன்.

அக்கா, உள்ளே அடுப்பில் செய்து முடித்த சர்க்கரைப் பொங்கலை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கரண்டி, இனிப்புநீருக்கு ஒரு கரண்டி," என்று சாப்பிட்டார். இடையிடையே என் கைக்கட்டைப் பார்த்தார். அன்றும் ஜிப் சத்தம் கேட்டது.

சேகர் வந்தார்

சில நாள் கழித்து என் வீட்டுக்காரர் சேகரைக் கூப்பிட்டார். தரை நடுவில் கோலத்தின் கறையோடு மூன்று குழி. சேகர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்த்தார்.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"பொங்கல் வெச்சோம்," என்றேன்.

"தாரு மேலயா? அதை நாங்க சூடு பண்ணி இளக்கித்தான்கா கொண்டாறோம்! யாராச்சும் தாரு மேல அடுப்பு மூட்டுவாங்களா?"

"நீ சொல்லலையே," என்றார் அக்கா நாற்காலியிலிருந்து. "ஸ்டாண்டுக்குப் பலகை வெக்கச் சொன்னே, புல்லு பிடுங்கச் சொன்னே. நீயும் தமிழன்தானே, நீ எங்க பொங்கல் வெப்பே?"

"கேஸ் அடுப்புலதான். ஃபிளாட்டுல புகை வந்தா அலாரம் அடிச்சுரும்கா."

"அப்புறம் எப்படித் தெரியும் உனக்கு."

சேகர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். குழியைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, புதுக்கலவை போட்டு இடித்தால் அடையாளமே தெரியாது என்றார். சுண்ணக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார்.

"அடைக்காதே," என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பினோம்.

"அடைச்சுட்டா அடுத்த பொங்கலுக்குக் கல்லு எங்க வெக்கிறது?"

"அக்கா, குழியை அப்படியே விட்டா தண்ணி நிக்கும். கல்லு பேந்துரும். சூசா லா, பெரிய தொல்லை. மறுபடி நெருப்பு வெச்சா மறுபடி இறங்கும்."

"அப்ப அந்தச் சதுரத்துல மட்டும் சிமெண்டு போடு. அடுப்பு வெக்கிற அகலத்துக்கு. மட்டமா போடு, தெற்கே சாய்க்காதே."

"நான் அப்பவே சொன்னேன், சிமெண்டுன்னு," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது. எனக்குத் 'தெற்கே சாய்க்காதே' என்பதும் விழுந்தது. அப்படியானால் அக்கா பார்த்திருக்கிறார். எதைப் பார்த்தார்? கல்லையா, பாலையா, என் கையையா?

கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா பேச்சைச் செங்கல்லுக்குத் திருப்பிவிட்டார்.

அக்கா கரி பிடித்த மூன்று செங்கல்லையும் கண்ணால் காட்டினார். "அதை மழையில போடாதே. உள்ள என் பை இருக்கு பாரு, அதுல போட்டு வை."

"எந்தப் பையிலக்கா?"

"என்கிட்ட எத்தனை பை இருக்கு? நீலப் பைதான்."

"அதுல துணி இருக்கே..."

"ஏன் கமலா," என்றார் அக்கா, தாமானுக்கே கேட்கும் குரலில், "உங்க வீட்டுல அலமாரி இல்லையா?"

நான் உள்ளே போனேன். கட்டிலடியிலிருந்து பையை இழுத்து, கட்டுப் போட்ட கையால் ஜிப்பைத் திறக்க முடியாமல், பல்லால் கடித்துத் திறந்து, முதல் புடவையை எடுத்து அலமாரியில் காலி செய்து வைத்திருந்த தட்டில் வைத்தேன்.